கற்கட்டுத் தேவாலயங்களும் கட்டமைப்பு வலுவூட்டலும்: வின்செஸ்டர் முதல் அசிசி வரை

ஆய்வுச் சுருக்கம்

ஐரோப்பாவின் இடைக்காலக் கற்கட்டுத் தேவாலயங்கள் 20-ஆம் நூற்றாண்டில் எவ்வாறு வலுவூட்டப்பட்டன என்பதை வின்செஸ்டர், யார்க், அசிசி ஆகிய மூன்று நேர்வுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. குறைபாடு எங்கே உள்ளது என அறிந்து, அவ்விடத்தில் மட்டும் செய்யப்பட்ட தலையீடுகள் நிலைத்தன. புதிய கட்டுமானப் பொருளின் வலிமையை நம்பி, பழைய சுவரின் இயல்பைக் கருதாது செய்யப்பட்டவை நிலநடுக்கத்தின்போது சேதத்தைப் பெருக்கின. இவ்வேறுபாட்டுக்குப் பொருளின் பழைமையோ புதுமையோ காரணமன்று என்பதும், அது இடப்பட்ட இடமும் செய்த பணியுமே காரணம் என்பதும் இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: கற்கட்டு, வளைகூரை, அடித்தளம், வலுவூட்டிய கான்கிரீட், நிலநடுக்கம், மரபுக் கட்டடப் பாதுகாப்பு.

முன்னுரை

1997 செப்டம்பர் 26 அன்று, பொழுது விடியும் முன்னரே, இத்தாலியின் உம்பிரியா, மார்க்கே பகுதிகளை நிலநடுக்கம் ஒன்று தாக்கியது. அசிசி நகரிலுள்ள புனித பிரான்சிஸ் பேராலயத்துக்கு நேர்ந்த சேதத்தைப் பார்வையிட முற்பகலில் துறவியரும் தொழில்நுட்ப வல்லுநரும் மேல்தேவாலயத்துக்குள் சென்றனர். நண்பகலுக்குச் சற்று முன் முதலாவதைவிட வலிய இரண்டாம் அதிர்வு வந்தது. வளைகூரையின் இரு பகுதிகள், தம்மீது தீட்டப்பட்டிருந்த ஓவியங்களோடு தரையில் வீழ்ந்தன. துறவியர் இருவரும் வல்லுநர் இருவருமாக நால்வர் உயிரிழந்தனர்.

1228-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1253-இல் அருட்பொழிவு பெற்ற கட்டடம் அது. பல நிலநடுக்கங்களைக் கடந்து வந்த அதன் வளைகூரை அன்று ஏன் வீழ்ந்தது என்ற வினாவோடு, முந்தைய தலைமுறைகள் அக்கட்டடத்தில் செய்தவற்றுக்கும் இதில் பங்குண்டா என்ற வினாவும் எழுந்தது. பழைய கட்டடத்தை வலுவூட்டுதல் எப்போதும் நன்மையே தரும் என்னும் பொதுக்கருத்தை இவ்வினா ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. அக்கருத்தின் வரலாற்றைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன், கற்கட்டு எவ்வாறு நிற்கிறது என்பதைச் சுருக்கமாகக் காண்பது தேவையாகிறது.

1. கற்கட்டு நிற்கும் முறை

கல் அமுக்கவிசையை நன்கு தாங்கும். கற்களுக்கு இடையிலுள்ள சுண்ணச்சாந்தோ இழுவிசையை ஏறத்தாழத் தாங்குவதே இல்லை. எனவே கற்கட்டில் எடை ஒவ்வொன்றும் கல்லிலிருந்து கல்லுக்கு அழுத்தமாகவே கடத்தப்பட்டு நிலத்தை அடைய வேண்டும். வளைவும் வளைகூரையும் கீழ்நோக்கி அழுத்துவதோடு பக்கவாட்டிலும் உந்துகின்றன. அவ்வுந்துவிசையை ஏற்பதற்காகவே கோதிக் பாணித் தேவாலயங்களின் புறத்தே உதைசுவர்களும் வளைவு வடிவ உதைமுட்டுகளும் எழுப்பப்பட்டன.

இவ்வியல்பைக் கோட்பாடாக வகுத்தவர்களுள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜாக் ஹேமன் குறிப்பிடத்தக்கவர். 1966-இல் அவர் வெளியிட்ட ஆய்வுரை மூன்று எடுகோள்களை முன்வைத்தது: கற்கட்டுக்கு இழுவலிமை இல்லை; அதன் அமுக்கவலிமை நடைமுறையில் எல்லையற்றது; கற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதில்லை. இரண்டாம் எடுகோள் மிகையாகத் தோன்றலாம். ஆனால் இடைத்தர மணற்கல்லால் நேரான தூண் ஒன்றை எழுப்பினால், தன் எடையால் அதன் அடிக்கல் நொறுங்குவதற்கு அத்தூண் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உயரம் வளர வேண்டும் என்பது அவர் காட்டிய கணக்கு. எந்தத் தேவாலயக் கோபுரமும் இவ்வுயரத்தை நெருங்குவதில்லை.

இதிலிருந்து பெறப்படுவது யாது? கற்கட்டுத் தேவாலயம் வீழ்வது பெரும்பாலும் கல்லின் வலிமை போதாமையால் அன்று. அதன் வடிவம் குலைவதால்தான். அடித்தளம் அமிழ்வது, சுவர் புறந்தள்ளப்படுவது, வளைவின் வளைவுத்தன்மை தட்டையாவது ஆகியன வடிவக்குலைவின் வழிகள். விரிசல் எல்லாம் நோயும் அன்று. தாங்கிகள் சிறிது நகரும்போது வளைவு விரிசல் விட்டு அந்நகர்வுக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது. ஆகவே வலுவூட்ட முனைவோர் முதலில் விடை காண வேண்டியது, விரிசல் எங்கே உள்ளது என்பதைவிட, அது இன்னும் வளர்கிறதா, வளர்ந்தால் எதனால் என்ற வினாவுக்கே ஆகும்.

2. இரும்புப் பிணைப்புகள்

இழுவிசையைத் தாங்க இரும்பை இடும் வழக்கம் இடைக்காலத்திலேயே இருந்தது. பிரான்சின் போவே பேராலயம் இதற்குத் தக்க சான்று. தரையிலிருந்து ஏறத்தாழ 48 மீட்டர் உயரத்தில் அமைந்த அதன் பாடகர் பகுதி வளைகூரை 1284-இல் ஓரளவு இடிந்தது. மீண்டும் கட்டி எழுப்பப்பட்ட அப்பேராலயத்தின் புறத்தே உதைமுட்டுகளை இரும்புச் சட்டங்கள் இணைத்திருந்தன. தேவையற்றவை எனக் கருதி 1960-களில் அவை அகற்றப்பட்டன. அதன்பின் காற்றில் கட்டடம் கூடுதலாக அசைந்தமையால் எஃகுக் கம்பிகளை மீண்டும் பொருத்த நேர்ந்தது. கண்ணுக்கு ஒட்டுவேலையாகத் தோன்றிய ஒன்று கட்டமைப்பின் உறுப்பாகவே மாறியிருந்தது என்பது இதனால் புலப்பட்டது.

இரும்புக்கு மறுபக்கமும் உண்டு. துருப்பிடித்த இரும்பின் பருமன் பலமடங்கு பெருகுகிறது. கல்லுக்குள் பதிந்த இரும்பு துருப்பிடித்தால் அக்கல்லையே பிளக்கிறது. இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் 1920-களில் மேற்கொள்ளப்பட்ட பெரும்பணியில் குவிமாடத்தைச் சுற்றித் துருவேறா எஃகுச் சங்கிலி பூட்டப்பட்டதற்கு இவ்வறிவு அடிப்படையாயிற்று. அப்பணியின்போதே குவிமாடத்தைத் தாங்கும் பெருந்தூண்களின் உட்பகுதியில் சிமெண்டுக் குழம்பு செலுத்தப்பட்டது. புறத்தே செதுக்கிய கல்லும் உள்ளே உடைகல்லும் சாந்தும் நிரம்பிய தூண்கள் அவை. இவ்வகைப் பல்லடுக்குக் கட்டுமானம் ஐரோப்பியத் தேவாலயங்கள் பலவற்றுக்கும் பொதுவானது. பின்னர் இத்தாலியில் நேர்ந்தவற்றைப் புரிந்துகொள்ள இச்செய்தி உதவும்.

3. வின்செஸ்டர்: நீருக்கடியில் ஓர் அடித்தளம்

தென் இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயம் 1079-இல் தொடங்கப்பெற்றது. அதன் கிழக்குப் பகுதி 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவுபடுத்தப்பட்டபோது, நிலத்தடி நீர் மேலாகவே இருந்த சேற்றுநிலத்தில் பீச் மரத் துண்டுகளைப் பரப்பி, அதன்மேல் சுவர்களை எழுப்பினர். மரத்தளத்தின் கீழே மட்கிய தாவரங்களாலான நெகிழ்ந்த மண் படுகை இருந்தது. அதற்கும் கீழேதான் உறுதியான சரளைப் படுகை. நூற்றாண்டுகளின் எடையால் நெகிழ்மண் அமுங்கியது. 1905-ஆம் ஆண்டளவில் சுவர்கள் சாய்ந்து, கைவிரல் நுழையும் அளவினும் அகன்ற விரிசல்கள் தோன்றியிருந்தன.

கட்டடக் கலைஞர் தாமஸ் ஜாக்சனும் பொறியாளர் பிரான்சிஸ் ஃபாக்ஸும் இப்பணியை ஏற்றனர். சுவரை ஒட்டிக் குழி தோண்டி, நெகிழ்மண்ணை நீக்கி, சரளைப் படுகையிலிருந்து புதிய அடித்தளம் கட்டுவதே திட்டம். ஆனால் குழிகள் சரளையை நெருங்கியதும் நீர் பெருக்கெடுத்தது. நீரை இறைத்தால் அதனோடு நுண்மணலும் மண்ணும் வெளியேறி, காக்க வந்த சுவரே சரியும் இடர் இருந்தது. நீரை அகற்றாமலே நீருக்குள் பணிசெய்வது என்னும் முடிவுக்கு ஃபாக்ஸ் வந்தார்.

அப்பணியைச் செய்தவர் வில்லியம் வாக்கர் என்னும் மூழ்காளர். 1906 முதல் 1911 வரை, ஏறத்தாழ 6 மீட்டர் ஆழம் வரையிலான கலங்கல் நீரில், கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத இருளில், கைகளால் தடவியே அவர் பணியாற்றினார். குழியின் அடியில் கான்கிரீட் மூட்டைகளை அடுக்கி நீர் ஊறும் வழியை அவர் அடைத்த பின்னரே நீர் இறைக்கப்பட்டது. அதன்பின் கொத்தர்கள் இறங்கி, பழைய அடித்தளம் வரை கட்டி உயர்த்தினர். 25,000-க்கு மேற்பட்ட கான்கிரீட் மூட்டைகளும், ஏறத்தாழ 1,15,000 கான்கிரீட் கட்டிகளும், 9 லட்சம் செங்கற்களும் இப்பணியில் செலவாயின. 1912 ஜூலை 15 அன்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் முன்னிலையில் நன்றி வழிபாடு நடந்தது. தெற்குச் சுவரின் புறத்தே உதைமுட்டுகளும் புதிதாக அமைக்கப்பட்டன.

இங்குக் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, அன்றைய புதிய பொருளான கான்கிரீட் தாராளமாகவே பயன்படுத்தப்பட்டது. ஆயின் அது அடித்தளத்தில், அமுக்கவிசையை மட்டும் தாங்கும் இடத்தில், குறைபாடு இருந்த அதே இடத்தில் இடப்பட்டது. இரண்டாவது, வேலைமுறையே கட்டடத்துக்குத் தீங்காகக்கூடும் என்பதை உணர்ந்து, பணியின் நடுவில் அம்முறையை மாற்றிக்கொள்ளும் துணிவு பொறியாளர்க்கு இருந்தது.

4. யார்க்: அளந்தறிந்து செய்த பணி

வட இங்கிலாந்தின் யார்க் பேராலய நடுக்கோபுரத்தின் எடை ஏறத்தாழ 16,000 டன். 1407-இல் இடிந்த பழைய கோபுரத்தின் இடத்தில் எழுப்பப்பட்ட இது, முந்தைய நார்மானியக் காலக் கட்டடத்தின் அடித்தளத்தையும் தனக்குப் பயன்படுத்திக்கொண்டது. 1965-இல் பேராலயத்தின் கட்டட மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்ற பெர்னார்டு ஃபீல்டன், விரிசல்களைத் தொடர்ந்து கண்காணித்து, கோபுரத்தின் அடித்தளம் இன்னும் அசைகிறது என்ற முடிவுக்கு வந்தார். 1967 முதல் 1972 வரை பெரும்பணி நடைபெற்றது.

கோபுரத்தைத் தாங்கும் நான்கு பெருந்தூண்களின் பழைய அடித்தளத்தைச் சூழ்ந்து கான்கிரீட் பட்டைகள் வார்க்கப்பட்டன. பழைய கற்கட்டில் துளையிட்டுச் செலுத்திய துருவேறா எஃகுக் கம்பிகளை இறுக்கி, பழையதும் புதியதும் ஒன்றாக இயங்குமாறு செய்தனர். இப்பணியின் நுட்பம் வேறோரிடத்தில் உள்ளது. புதிய கான்கிரீட்டின் கீழுள்ள களிமண் எடையை ஏற்றதும் அமுங்கும். அவ்வாறு அமுங்கினால் கோபுரம் மேலும் அசையும். அதனைத் தவிர்க்க, தட்டை வடிவ நீரியல் தூக்கிகளைக் கொண்டு மண்ணை முன்கூட்டியே அழுத்திய பின்னரே எடை புதிய தளத்துக்கு மாற்றப்பட்டது. தோண்டும்போது வெளிப்பட்ட ரோமானியக் கோட்டையின் எச்சங்கள் அடித்தளத்திலேயே காட்சிப்படுத்தப்பட்டன.

வின்செஸ்டரில் பட்டறிவும் துணிவும் வழிகாட்டின. யார்க்கில் அளவீடு வழிகாட்டியது. எனினும் இரண்டுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. தூண்கள், வளைவுகள், வளைகூரைகள் ஆகியன முன்பு எவ்வாறு எடையைக் கடத்தினவோ, அம்முறையையே தொடருமாறு விடப்பட்டன.

5. கான்கிரீட்டின் மீதான நம்பிக்கை

20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வலுவூட்டிய கான்கிரீட் மரபுக் கட்டடங்களின் மருந்தாகக் கருதப்பட்டது. நினைவுச்சின்னங்களின் சீரமைப்பில் நவீன நுட்பங்களை, சிறப்பாக வலுவூட்டிய கான்கிரீட்டை, ஆய்ந்து பயன்படுத்துவதை 1931-ஆம் ஆண்டின் ஏதென்ஸ் சாசனம் ஏற்றது. தோற்றம் கெடாதவாறு அது மறைவாக அமைய வேண்டும் என்பதே அச்சாசனத்தின் விருப்பம்.

1976-இல் வடகிழக்கு இத்தாலியின் ஃபிரியூலிப் பகுதியில் நேர்ந்த பெருநிலநடுக்கம் இந்நம்பிக்கையை விதிமுறையாக்கியது. கற்சுவர்கள் தனித்தனியே புறஞ்சாய்ந்து வீழ்ந்ததைக் கண்ட பொறியாளர்கள், சுவர்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டடம் முழுவதையும் ஒரு பெட்டிபோல் இயங்கச் செய்ய வேண்டும் என முடிவு செய்தனர். நோக்கம் சரியானதே. ஆனால் அதற்கென வகுத்த வழிமுறைகள், மரக்கூரைகளையும் மரத்தளங்களையும் நீக்கிக் கான்கிரீட் இடுவது, சுவர் உச்சியில் கான்கிரீட் வளையம் வார்ப்பது, சுவருக்குள் சிமெண்டுக் குழம்பு செலுத்துவது என்பனவாக அமைந்தன. 1981-இல் இவை தொழில்நுட்ப வழிகாட்டுதலிலும் இடம்பெற்றன.

1997-ஆம் ஆண்டின் நிலநடுக்கம் இவ்வழிமுறைகளுக்கு நேர்ந்த கடுந்தேர்வு. உம்பிரியாவில் 1979-ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் இவ்வாறு சீரமைக்கப்பட்டிருந்த ஊர்களுள் செல்லானோவும் ஒன்று. அங்கு ஆய்வாளர்கள் கண்ட காட்சி எதிர்பாராதது. பல கட்டடங்களில் கான்கிரீட் கூரை உடையாமல் இருக்க, அதன் கீழிருந்த கற்சுவர் சிதைந்திருந்தது.

காரணங்கள் பின்வருமாறு. முதலாவது, நிலநடுக்க விசை கட்டடத்தின் நிறையைப் பொறுத்தது. கான்கிரீட் கூரை அந்நிறையைக் கட்டடத்தின் உச்சியில் கூட்டியது. இரண்டாவது, பல்லடுக்குச் சுவரின் உள்ளடுக்கின்மீது மட்டும் அமர்ந்த கான்கிரீட் வளையம் வெளியடுக்கைப் பிணைப்பின்றி விட்டது. அதிர்வில் வெளியடுக்கு உரிந்து வீழ்ந்தது. மூன்றாவது, விறைத்த கான்கிரீட்டும் நெகிழ்ந்த கற்சுவரும் வெவ்வேறாக அசைந்தமையால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் சுவர் நொறுங்கியது. செலுத்திய சிமெண்டுக் குழம்போ பல சுவர்களில் உட்துளைகள் ஒன்றோடொன்று தொடர்பற்று இருந்தமையால் சீராகப் பரவவில்லை. மேலும், பழைய சாந்தில் ஜிப்சம் கலந்திருப்பின் அதனோடு சிமெண்டு வினைபுரிந்து பருமனில் விரியும் உப்புகளை உண்டாக்குவதும் அறியப்பட்டது.

வின்செஸ்டரில் கட்டடத்தைக் காத்த அதே பொருள் இங்குத் தீங்கு செய்தது. அடியில் இடப்பட்டபோது எடை தாங்கிய கான்கிரீட், உச்சியில் இடப்பட்டபோது தாங்கப்பட வேண்டிய எடையாயிற்று.

6. அசிசி: காரணம் தேடலும் மருத்துவமும்

அசிசிப் பேராலயத்தின் கூரையிலும் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மரத்துக்கு மாற்றாக வலுவூட்டிய கான்கிரீட் இடப்பட்டிருந்தது. எனினும் சீரமைப்பில் முதன்மைப் பங்கேற்ற பொறியாளர் ஜார்ஜோ குரோச்சி, வளைகூரையின் வீழ்ச்சிக்குச் சுட்டிய முதன்மைக் காரணம் வேறானது. வளைகூரை சுவரிலிருந்து எழும் இடத்தில், அதன் மேற்புறத்தில், உடைந்த ஓடுகளும் கழிவுகளும் நூற்றாண்டுகளாகக் குவிந்திருந்தன. ஓடு மாற்றிய ஒவ்வொரு தலைமுறையும் பழையவற்றை அங்கேயே விட்டுச் சென்றதன் விளைவு இது.

உதிரியாகக் கிடந்த இக்குவியல் எடையைக் கூட்டியதோடு நில்லவில்லை. அதிர்வில் வளைகூரை ஒரு பக்கம் அசையும்போது குவியலும் சரிந்து அந்த இடைவெளியை நிரப்பியது. வளைகூரை திரும்ப முயலும்போது அது தடுத்தது. இவ்வாறு ஒவ்வோர் அதிர்விலும் சிறு வடிவக்குலைவு நிலைத்துவிட, வளைகூரை படிப்படியாகத் தன் வளைவை இழந்தது. வளைவை இழந்த வளைகூரை அமுக்கவிசையைக் கடத்தும் ஆற்றலையும் இழக்கிறது. முன்னைய நிலநடுக்கங்களைத் தாங்கிய கட்டடம் 1997-இல் வீழ்ந்ததற்கு இவ்விளக்கம் பொருந்துகிறது.

மருத்துவம் நோயைத் தொடர்ந்தே அமைந்தது. குவிந்த கழிவு முதலில் அகற்றப்பட்டது. விரிசல்களில், சுவரோவியங்களுக்கு ஊறு செய்யாத சாந்து செலுத்தப்பட்டது. வளைகூரையின் மேற்புறத்தில், அதன் வளைவை ஒட்டி, மரத்தை உள்ளீடாகக் கொண்டு அராமிட் இழைகள் போர்த்திய மெல்லிய விலா எலும்பு போன்ற சட்டங்கள் ஒட்டப்பட்டன. இச்சட்டங்கள் சுருள்வில் பொருத்திய கம்பிகளால் கூரையோடு இணைக்கப்பட்டன. குறுக்குக் கூடத்தின் முக்கோண முகப்புச் சுவரைக் கூரையோடு விறைப்பாகப் பூட்டாமல், வடிவ நினைவு உலோகக்கலவையாலான கருவிகள் இடையே வைக்கப்பட்டன. ஓரளவுக்கு மேற்பட்ட விசையைச் சுவருக்குச் செல்லவிடாமல் காப்பது அவற்றின் பணி. 1999 நவம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது. வீழ்ந்த ஓவியங்களின் பல்லாயிரக்கணக்கான துணுக்குகளைச் சேர்க்கும் பணி அதன் பின்னரும் தொடர்ந்தது.

பயன்படுத்தப்பட்ட பொருள்கள் மிகப் புதியவை. பின்பற்றிய கோட்பாடோ பழையது. எடையைக் குறைத்தல், வடிவத்தைக் காத்தல், அசைவுக்கு இடமளித்தல் என்பன அதன் மூன்று கூறுகள்.

7. கொள்கைகளின் மாற்றம்

1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், மரபுமுறைகள் போதாதபோது மட்டும், அறிவியல் சான்றாலும் பட்டறிவாலும் பயன் நிறுவப்பட்ட நவீன முறைகளைக் கையாளலாம் என்றது. 1931-ஆம் ஆண்டின் நம்பிக்கை இங்கு நிபந்தனைக்கு உட்பட்டது. 2003-இல் நினைவுச்சின்னங்களுக்கான பன்னாட்டு மன்றம் ஏற்ற கட்டமைப்புக் கோட்பாடுகள், மருத்துவத்தைப் போலவே வரலாறு கேட்டறிதல், நோயறிதல், மருந்திடல், கண்காணித்தல் என்னும் வரிசையை வகுத்தன. தேவையின் அளவுக்கு மிஞ்சாத தலையீட்டையும், இயன்றவரை பின்னர் நீக்கக்கூடிய முறைகளையும் அவை வலியுறுத்தின.

இத்தாலிய ஆய்வாளர்கள் தேவாலயத்தை ஒரே பெட்டியாகக் காண்பதையும் கைவிட்டனர். முகப்பு, நடுக்கூடம், வெற்றிவளைவு, மணிக்கோபுரம் முதலியன நிலநடுக்கத்தில் தனித்தனிப் பேருறுப்புகளாக இயங்குகின்றன என்பதை ஃபிரியூலித் தேவாலயங்களை ஆய்ந்த பிரான்செஸ்கோ டோலியோனி முதலானோரின் 1994-ஆம் ஆண்டு நூல் விளக்கியது. ஒவ்வோர் உறுப்பும் வீழும் முறையை முன்னறிந்து, அதனை மட்டும் தடுப்பது இதன்வழி இயல்வதாயிற்று.

ஆயினும் இக்கோட்பாடுகளை இயந்திரம்போல் பின்பற்றுதலும் பிழையாகும். வாக்கர் இட்ட கான்கிரீட் மூட்டைகளை இனி யாரும் திரும்ப எடுக்க இயலாது. நீக்கத்தக்க முறையே வேண்டும் என அன்று வற்புறுத்தியிருந்தால் வின்செஸ்டரின் கிழக்குப் பகுதி எஞ்சியிருக்குமா என்பது ஐயமே. அடித்தளப் பணிகளில் மீளாமை பெரும்பாலும் தவிர்க்க இயலாதது. மீளாத தலையீட்டுக்கு முன் செய்யும் நோயறிதல் அதற்கேற்பக் கடுமையானதாக இருத்தல் வேண்டும் என்பதே இங்குப் பெறத்தக்க பாடம்.

முடிவுரை

மேற்கண்ட நேர்வுகளை ஒப்பிட்டால் மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, கற்கட்டுத் தேவாலயத்தின் நிலைபேறு வடிவத்தைச் சார்ந்தது. வலுவூட்டல் அவ்வடிவத்தைக் காப்பதாக அமைய வேண்டும். இரண்டு, பொருளின் வலிமை தன்னளவில் நன்மையன்று. அது இடப்படும் இடமும், பழைய கட்டோடு அது அசையும் முறையுமே பயனைத் தீர்மானிக்கின்றன. மூன்று, பராமரிப்பும் கட்டமைப்புத் தலையீடே. அசிசியில் வளைகூரையின் மேல் குவிந்த ஓடுகளைக் கீழே இறக்கியிருந்தால், அது எந்தப் பொறியியல் கணக்கும் வேண்டாத வலுவூட்டலாக இருந்திருக்கும்.

கான்கிரீட் வளையம் வார்த்த பொறியாளர்களும் ஓடுகளை விட்டுச்சென்ற தொழிலாளர்களும் கட்டடத்தைக் காக்கவே முனைந்தனர். நன்னோக்கம் போதாது என்பதற்கு இடிந்த சுவர்களும் நால்வரின் இறப்பும் சான்று. இன்று அராமிட் இழையையும் வடிவ நினைவு உலோகத்தையும் பொருத்தும் தலைமுறையும் இதே தேர்வுக்கு உட்பட்டதே. அசிசியின் புதிய சட்டங்களும் கம்பிகளும் இனிவரும் அதிர்வுகளில் எவ்வாறு இயங்குகின்றன என்பதைத் தொடர்ந்து கண்காணிப்பதும் அச்சீரமைப்பின் பகுதியாகவே கொள்ளத்தக்கது.